வாக்குச்சீட்டின் மொழி
பார்பரா ஜோர்டன் அம்மையார் சரிதம்

வாக்குரிமை சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தும் கைக்கு எட்டாமற்போன மக்கள் உலகில் பலர். ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பு இனத்தார் அத்தகையோர் என்பதை நம் வாசகர்கள் ஓரளவு அறிவர். அதே நாட்டில் பிறந்து, அதே நாட்டுப் பிரஜைகளாக இருந்தும், ஆங்கிலம் படிக்கத் தெரியாத காரணத்தால் வாக்குச்சாவடியில் திகைத்து நின்ற ஸ்பானிய மொழியினரையும் பழங்குடி மக்களையும் பற்றி அறிந்தவர் சிலரே. இவ்விரு திறத்தாரின் வழக்கையும் ஒரே சட்டத்தினுள் கொணர்ந்தவர்களுள் முன்னணியில் நின்றவர் பார்பரா ஜோர்டன் அம்மையார். 1974ஆம் ஆண்டில் ஜனாதிபதி நிக்ஸன் மீதான குற்றச்சாட்டு விசாரணையில் அவர் ஆற்றிய சொற்பொழிவுக்காகவே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அச்சொற்பொழிவு பெருமைக்குரியதே. எனினும், அதற்கு அடுத்த ஆண்டில் அவர் செய்து முடித்த, ஆரவாரமற்ற ஒரு காரியமே அதனினும் பெரிதென்பது இதை எழுதுவோனின் கருத்து.

அம்மையார் 1936ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 21ஆம் நாள் டெக்சாஸ் இராஜ்யத்தைச் சேர்ந்த ஹூஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் பெஞ்சமின் ஜோர்டன் பண்டகசாலை ஒன்றில் குமாஸ்தா. பிற்காலத்தில் பாப்டிஸ்டு சபைப் போதகரும் ஆனார். தாயார் ஆர்லின் அம்மையார் இளமையில் தேவாலய மேடைகளில் பேசிப் பெயர் பெற்றவர். மூன்று பெண் மக்களில் பார்பராவே இளையவர். அவர்கள் வசித்த ஐந்தாவது வார்டு முற்றிலும் கறுப்பு இனத்தார் குடியிருந்த பகுதி. பள்ளி, தேவாலயம், கடை, வைத்தியசாலை யாவும் தனித்தனி. பஸ் வண்டியில் பின்புற ஆசனமே அவர்களுக்குரியது. தாய்வழிப் பாட்டனார் ஜான் எட் பேட்டன் பழைய சாமான்கள் வாங்கி விற்கும் எளிய வியாபாரி. பிறரைப் பார்த்து ஒழுகாமல் தன் காலில் நிற்கும் துணிவைப் பேத்திக்கு ஊட்டியவர் அவரே என்பர்.

அக்காலத்து டெக்சாஸில் கறுப்பு இனத்தார் வாக்களிப்பதற்கு இருந்த தடைகளைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். அவற்றை அறியாமல் அம்மையாரின் வாழ்க்கையை விளங்கிக்கொள்ள இயலாது. முதலாவது, தலைவரி. 1902ஆம் ஆண்டில் அரசியலமைப்பைத் திருத்திக் கொண்டுவரப்பட்ட இவ்வரி, ஆளுக்கு ஏறத்தாழ ஒன்றரை அல்லது ஒன்றேமுக்கால் டாலர். தொகை சிறிதென்று தோன்றலாம். பருத்திக் காட்டில் கூலி வேலை செய்தவனுக்கு அது சிறிதன்று. மேலும், தேர்தலுக்குப் பல மாதங்களுக்கு முன்னரே, ஜனவரி 31ஆம் தேதிக்குள் அதைச் செலுத்தி ரசீதைப் பாதுகாத்து வைத்திருந்தால்தான் அவ்வாண்டு வாக்கு. இரண்டாவது, டெமாக்ரடிக் கட்சியின் பூர்வாங்கத் தேர்தல். அந்நாளில் அக்கட்சியின் அபேட்சகரே டெக்சாஸில் வெற்றி பெறுவது நிச்சயம். ஆகவே உண்மையான தேர்தல் கட்சிக்குள் நடந்ததேயாகும். அதில் வெள்ளையர் மாத்திரமே கலந்துகொள்ளலாம் என்று விதித்திருந்தனர். ஹூஸ்டன் நகரத்துப் பல் வைத்தியரான லானி ஸ்மித் என்பவர் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1944ஆம் ஆண்டில் அவ்விதியைத் தள்ளுபடி செய்தது. அப்பொழுது பார்பராவுக்கு வயது 8.

1952இல் ஃபில்லிஸ் வீட்லி உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்தார். அப்பள்ளிக்குச் சொற்பொழிவாற்ற வந்திருந்த எடித் சாம்ப்ஸன் என்னும் கறுப்பினப் பெண் வழக்கறிஞரைக் கண்ட நாளிலேயே, தாமும் வழக்கறிஞராக வேண்டுமென்று உறுதி பூண்டார். இராஜ்யத்தின் பெரிய பல்கலைக்கழகம் ஆஸ்டின் நகரில் இருந்தது. அங்கே அவருக்கு இடமில்லை. ஆகவே கறுப்பு இனத்தாருக்கென்று 1947இல் ஹூஸ்டனிலேயே இராஜ்ய அரசாங்கம் அமைத்திருந்த டெக்சாஸ் ஸதர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே தாமஸ் ஃப்ரீமன் என்னும் ஆசிரியர் பயிற்றுவித்த விவாதக் குழுவில் இடம் பெற்றார். அக்குழு ஹார்வர்டு மாணவர்களோடு விவாதித்துச் சமநிலை பெற்றது அக்காலத்தில் வியப்பாகப் பேசப்பட்டது. 1956இல் சிறப்புடன் தேறி, பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரிக்குச் சென்றார். தம் வகுப்பு மாணவர்கள் இயல்பாக அறிந்திருந்த எத்தனையோ செய்திகள் தமக்கு எட்டவேயில்லை என்பதை அங்கேதான் கண்டுகொண்டார். தனிப்பள்ளி ஒருகாலும் சமமான பள்ளி ஆகாது என்ற முடிவுக்கு அவர் வந்தது நூலைப் படித்தன்று. இரவெல்லாம் கண் விழித்துப் பதினாறு ஆண்டுக் கல்விக் குறையை ஈடுசெய்ய முயன்ற அனுபவத்தினாலாகும். இதை வாசகர்கள் நினைவில் இருத்துக. 1975ஆம் ஆண்டு விவாதத்தில் இவ்வனுபவம் மீண்டும் தலைகாட்டும்.

1959இல் சட்டப் பட்டம் பெற்று, டஸ்கீஜீ கல்வி நிலையத்தில் சிறிது காலம் போதித்துவிட்டு ஊர் திரும்பினார். தனி அலுவலகம் வைக்கப் பொருள் இல்லை. பெற்றோர் வீட்டுச் சாப்பாட்டு மேசையே அவருக்கு அலுவலகம் ஆயிற்று. 1960ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் கென்னடி, ஜான்சன் ஆகிய இருவருக்காக ஹாரிஸ் ஜில்லாவின் கறுப்பின வட்டாரங்களில் வாக்காளரைத் திரட்டும் பொறுப்பை ஏற்றார். தெருத்தெருவாக, வீடு வீடாக அலைந்து செய்த அப்பணியில் அவர் பெற்ற பயிற்சி, பிற்காலத்து மேடைப் பேச்சுகளைக் காட்டிலும் அவருக்குப் பயன்பட்டதென்று தோன்றுகிறது.

1962இல் டெக்சாஸ் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டார், தோற்றார். 1964இல் மீண்டும் நின்றார், மீண்டும் தோற்றார். காரணம் அவரிடத்தில் இல்லை. தொகுதியின் அமைப்பில் இருந்தது. ஹாரிஸ் ஜில்லாவின் மக்கள்தொகை அப்பொழுது 12 லட்சத்துக்கு மேல். அந்த ஜில்லாவுக்கு உரிய 12 ஸ்தானங்களுக்கும் தனித்தனித் தொகுதி வகுக்கப்படவில்லை. ஒவ்வொரு ஸ்தானத்துக்கும் ஜில்லா முழுவதும் வாக்களித்தது. கறுப்பு இனத்தார் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர். அவர்கள் ஒருமுகமாக ஒருவரை ஆதரித்தாலும் மற்ற நான்கு பங்கினர் அவரை வீழ்த்திவிடுவது எளிது. வாக்கை யாரும் பறிக்கவில்லை. அதன் பயனை மாத்திரம் வடிகட்டி எடுத்துவிட்டனர். நம் நாட்டில் 1932இல் தனித்தொகுதி, கூட்டுத்தொகுதி பற்றி நடந்த வாதங்களைப் படித்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

நீதிமன்றங்கள் இந்நிலையை மாற்றின. ஒவ்வொருவர் வாக்கும் சம மதிப்புடையதாய் இருக்கும்படி சட்டசபைத் தொகுதிகள் அமைய வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 1964இல் தீர்ப்பளித்தது. டெக்சாஸ் தன் தொகுதிகளைத் திருத்த வேண்டியதாயிற்று. ஹூஸ்டனில் புதிதாய் அமைந்த 11ஆவது செனட் தொகுதிக்குள், அம்மையார் முன்னர் இருமுறை தோற்றபொழுதும் அதிக வாக்குகள் பெற்றிருந்த வட்டாரங்கள் பல வந்து சேர்ந்தன. அதே 1966ஆம் ஆண்டில் தலைவரியும் நீதிமன்றத் தீர்ப்பால் ஒழிந்தது. பூர்வாங்கத் தேர்தலில் தம்மை எதிர்த்த வெள்ளையரை ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று, செனட் சபைக்கு அம்மையார் சென்றார். 1883ஆம் ஆண்டுக்குப் பின் அச்சபையில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர். அங்கத்தினரான முதல் கறுப்பினப் பெண்ணும் அவரே. அன்று சபையில் இருந்த 31 பேரில் பெண் அவர் ஒருவர்தான்.

ஆஸ்டின் நகருக்குச் சென்றவுடன் அவர் முழங்குவாரென்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். முதற்கண் சபையின் நடைமுறை விதிகளைப் படித்தார். சகாக்களின் இயல்புகளை அறிந்தார். இதனால் அவருடைய இனத்தாருள் சிலரே அவர் வெள்ளையருடன் இணங்கிப் போகிறாரென்று முணுமுணுத்தனர். அவ்விதிகளில் ஒன்று அவருக்கு ஆயுதமாயிற்று. ஒரு மசோதாவை வரிசை மாற்றி விவாதத்துக்கு எடுக்க மூன்றில் இரண்டு பங்கினரின் சம்மதம் வேண்டும் என்பது அச்சபையின் வழக்கம். அஃதாவது, 11 பேர் உறுதியாக மறுத்தால் எந்த மசோதாவும் மேசையிலேயே கிடக்கும்.

தலைவரி போனபின் அதன் இடத்தை நிரப்ப டெக்சாஸ் சட்டசபை வேறொரு வழி கண்டிருந்தது. ஆண்டுதோறும், முன்பு வரி செலுத்திய அதே மாதங்களில், ஜனவரி முடிவதற்குள், வாக்காளர் தம் பெயரைப் புதிதாகப் பதிய வேண்டும். தவறினால் அவ்வாண்டு வாக்கு இல்லை. வரி இல்லை, அதன் கால எல்லை அப்படியே இருந்தது. 1967இல் வாக்காளர் பதிவை இன்னும் கடினமாக்கும் மசோதா ஒன்று செனட் சபைக்கு வந்தது. அம்மையார் மேடையேறவில்லை. சகாக்களைத் தனித்தனியே சந்தித்து, பதின்மரிடம் வாக்குறுதி பெற்றார். தம்மையும் சேர்த்துப் பதினொருவர். மசோதா எழவேயில்லை. புதிதாய் வந்த ஓர் அங்கத்தினர், ஒரு சொற்பொழிவும் நிகழ்த்தாமல், வாக்குரிமையைக் குறைக்க வந்த ஒரு சட்டத்தை நிறுத்திய நிகழ்ச்சி இது. ஆண்டுதோறும் பதியும் முறையையே சமஷ்டி நீதிமன்றம் 1971இல் செல்லாதென்று அறிவித்தது.

செனட் சபையில் இருந்த ஆறு ஆண்டுகளில், டெக்சாஸின் முதல் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்காகப் பாடுபட்டார். வயல்களிலும், சலவைச் சாலைகளிலும், பிறர் வீடுகளிலும் உழைத்தவர்கள் அதன் வட்டத்துக்குள் வர வேண்டுமென்று வாதாடினார். விபத்துக்குள்ளான தொழிலாளரின் நஷ்டஈட்டை உயர்த்தவும் உழைத்தார். 1972இல் சகாக்கள் அவரைச் சபையின் தற்காலிகத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். மரபுப்படி ஜூன் 10ஆம் நாள் ஒருநாள் கவர்னராகப் பதவி வகித்தார். மகளின் பெருமையைக் காண வந்திருந்த தந்தையார் அன்றே நோயுற்று வீழ்ந்து, மறுநாள் காலமானார்.

அவ்வாண்டில் நேர்ந்த ஒரு சச்சரவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1970ஆம் ஆண்டு ஜனக் கணக்கெடுப்புக்குப் பின் தொகுதிகள் மீண்டும் வரையப்பட்டபொழுது, ஹூஸ்டனில் கறுப்பினத்தவர் ஒருவர் வெற்றி பெறத்தக்க சமஷ்டிக் காங்கிரஸ் தொகுதி ஒன்று உருவாயிற்று. அதே வேளையில் அவர் அமர்ந்திருந்த பழைய செனட் தொகுதி துண்டு துண்டாகச் சிதைந்தது. தம் முன்னேற்றத்துக்காக மக்களின் ஸ்தானத்தை அவர் விற்றுவிட்டாரென்று, அவரை எதிர்த்துப் பூர்வாங்கத் தேர்தலில் நின்ற கர்ட்டிஸ் கிரேவ்ஸ் என்னும் கறுப்பின அங்கத்தினர் குற்றஞ்சாட்டினார். வாக்காளர் அதை ஏற்கவில்லை. அம்மையாரே பெருவாரியாக வென்றார். ஆயினும், தொகுதிக் கோடுகளால் உயர்ந்தவரை அக்கோடுகளே குற்றக் கூண்டிலும் நிறுத்தின என்பது கவனிக்கத்தக்கது.

1973 ஜனவரியில் அம்மையார் வாஷிங்டனில் சமஷ்டிப் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்தார். தென்னாட்டிலிருந்து கறுப்பினத்தவர் எவரும் 1901க்குப் பின் அச்சபைக்கு வந்ததில்லை. அவரும் ஜார்ஜியாவின் ஆண்ட்ரூ யங்கும் ஒன்றாக அக்குறையை நீக்கினர். முன்னாள் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், தாம் இறப்பதற்குச் சிறிது காலத்துக்கு முன், அம்மையாருக்கு நீதித்துறைக் குழுவில் இடம் கிடைக்கும்படி உதவினார். வாக்குரிமை மசோதாக்கள் யாவும் அக்குழுவின் வாயிலாகவே வர வேண்டும்.

இவ்விடத்தில் 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். ஜான்சன் அச்சட்டத்தில் கையொப்பமிட்டது அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் நாள். எழுத்தறிவுச் சோதனை போன்ற தடைகள் வைத்து, 1964ஆம் ஆண்டுத் தேர்தலில் பாதிக்கும் குறைவான மக்களே பதிவு பெற்ற அல்லது வாக்களித்த இராஜ்யங்கள் ஒரு கட்டுக்குள் வைக்கப்பட்டன. அவை தேர்தல் விதி எதை மாற்றினாலும், ஒரு வாக்குச்சாவடியை இடம் மாற்றினாலும், முன்னதாகச் சமஷ்டி நீதி இலாகாவின் அல்லது வாஷிங்டன் நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். மக்களைத் தனித்தனியே வழக்காடச் சொல்லி அலைக்கழிக்காமல், நியாயத்தை நிரூபிக்கும் சுமையை அரசாங்கத்தின் தோளிலேயே ஏற்றியதுதான் அச்சட்டத்தின் உயிர்நாடி. ஆனால் டெக்சாஸ் தலைவரி வைத்திருந்ததே தவிர எழுத்தறிவுச் சோதனை வைத்திருக்கவில்லை. ஆகவே, சட்டத்தைக் கொணர்ந்த ஜனாதிபதியின் சொந்த இராஜ்யம் அச்சட்டத்துக்கு வெளியே நின்றது.

சோதனை இல்லையென்றால் தடை இல்லை என்று பொருளா? டெக்சாஸின் மெக்சிகோ வம்சத்தவர் அதற்கு விடை சொல்லக்கூடியவர்கள். அவர்களிற் பலர் அந்நாட்டிலேயே பிறந்தவர்; சிலரின் மூதாதையர் டெக்சாஸ் ஐக்கிய அமெரிக்காவில் சேருமுன்னரே அம்மண்ணில் வாழ்ந்தவர். 1918ஆம் ஆண்டிலேயே டெக்சாஸ் சட்டசபை வாக்குச்சாவடியில் மொழிபெயர்ப்பாளர் துணையை நீக்கியது. கையோ கண்ணோ வழங்காதவருக்கு உத்தியோகஸ்தர் உதவலாம். எழுத்தறியாதவருக்கு உதவலாகாது என்பது 1970 வரையிலும் அவ்விராஜ்யத்தின் விதியாக இருந்து, அவ்வாண்டில் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. நம் நாட்டின் முதற் பொதுத்தேர்தலில் எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானோர்க்காக ஒவ்வோர் அபேட்சகருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் சின்னம் பொறித்ததை நினைத்துப் பார்த்தால், அறியாமை வாக்களிப்போரின் குற்றமன்று, அதற்கு வழி செய்வது தேர்தல் நடத்துவோரின் கடமை என்ற எண்ணம் இங்கே எவ்வளவு முன்னதாக வேரூன்றியது என்பது புலனாகும்.

வாக்குரிமைச் சட்டத்தின் சிறப்பு விதிகள் 1970இல் ஒருமுறை நீட்டிக்கப்பட்டு, 1975 ஆகஸ்டில் முடிவடைய இருந்தன. அவற்றை அப்படியே மீண்டும் நீட்டித்தாற் போதுமென்று கறுப்பின உரிமை இயக்கத்தின் முதிய தலைவர்களுள் சிலர் எண்ணினர். அவர்களுடைய அச்சம் பொய்யன்று. சட்டத்தைத் திறந்து புதிய மக்களையும் புதிய இராஜ்யங்களையும் சேர்க்கப் போனால், எதிரிகள் பெருகி உள்ளதும் போய்விடலாம். அம்மையாருக்கு இது நன்றாகத் தெரியும். சட்டத்தை நீட்டித்தால் அவருடைய இனத்தாருக்குத் தென்னாட்டில் பாதுகாப்பு நிலைக்கும். சும்மா இருந்தால் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. மாறாக, தம் சொந்த இராஜ்யத்தைச் சமஷ்டி மேற்பார்வைக்கு உட்படுத்த முனைந்தால், ஆஸ்டினில் தமக்கு நண்பர்களாயிருந்த அரசியல்வாதிகள் பலர் பகைவராவர். அவர் இரண்டாவது வழியையே தேர்ந்தார். டெக்சாஸையும் உள்ளடக்கும் வண்ணம் மசோதா கொணர்ந்தார். ஸ்பானிய மொழியினரான எட்வர்டு ராய்பால், ஹெர்மன் படில்லோ ஆகிய அங்கத்தினர்களும் அதே நோக்கத்துடன் முயன்றனர். நீதித்துறைக் குழு இம்முயற்சிகளை ஒன்றாக்கியது.

மசோதாவின் சூட்சுமம் எளியது. ஓர் இராஜ்யத்தில் வாக்களிக்கும் வயதுள்ள பிரஜைகளில் நூற்றுக்கு ஐவருக்கு மேல் ஒரே மொழிச் சிறுபான்மையினராக இருக்கையில், வாக்குச்சீட்டையும் அறிவிப்புகளையும் ஆங்கிலத்தில் மாத்திரம் அச்சிடுவது, எழுத்தறிவுச் சோதனைக்கு நிகரான ஒரு சோதனையே என்று அது வரையறுத்தது. 1972ஆம் ஆண்டுத் தேர்தலில் பாதிக்கும் குறைவானோரே பங்குகொண்டிருந்தால் அவ்விராஜ்யம் முன்னனுமதிக் கட்டுக்குள் வரும். அத்துடன் வேறொரு பகுதி, மொழிச் சிறுபான்மையினர் நூற்றுக்கு ஐவருக்கு மேலிருந்து, அவர்களுள் எழுத்தறியாமை தேசிய சராசரியை விஞ்சிய ஜில்லாக்களில், தேர்தல் தொடர்பான யாவும் அவர்கள் மொழியிலும் கிடைக்க வேண்டுமென்று விதித்தது. ஸ்பானிய வம்சத்தவர், அமெரிக்கப் பழங்குடியினர், அலாஸ்காவின் ஆதிக்குடிகள், ஆசிய வம்சத்தவர் ஆகிய நால்வகையினர் இதற்கு உரியவர். எழுத்து வடிவமே இல்லாத மொழியைப் பேசும் பழங்குடியினருக்கு வாய்மொழியாகவே விளக்கம் தர வேண்டுமென்றும் சேர்த்தனர். அச்சு எந்திரம் போகாத இடத்துக்கும் வாக்குச்சீட்டின் பொருள் போக வேண்டும் என்னும் இச்சிறு விதி என் நெஞ்சைக் கவர்ந்தது.

எதிர்த்தவர்கள் பேசியதும் அறியத்தக்கதே. குடியேறி வந்தவர் பிரஜையாவதற்கே ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டுமே, பின் வேற்றுமொழிச் சீட்டு எதற்கு என்றனர். செலவு மிகும் என்றனர். பல மொழிகளில் தேர்தல் நடத்தினால் தேச ஒற்றுமை குலையும் என்றனர். முதல் கேள்விக்கு விடை, இவர்களிற் பெரும்பாலோர் குடியேறியவரல்லர், பிறப்பினாலேயே பிரஜைகள் என்பது. அப்படியாயின் ஏன் ஆங்கிலம் அறியவில்லை? இதற்கு விடையாகக் காங்கிரஸ் தன் சட்டத்திலேயே எழுதி வைத்த காரணம், இராஜ்யங்களும் ஜில்லாக்களும் அம்மக்களுக்குச் சமமான கல்வி அளிக்கத் தவறின என்பதாகும். பள்ளியை மறுத்தவரே, பள்ளிப்படிப்பு இல்லையென்று வாக்கையும் மறுக்கலாகாது. தனிப்பள்ளியின் குறையைப் பாஸ்டன் நகரில் தம் உடம்பால் உணர்ந்த அம்மையார், ஸ்பானிய மொழி தமக்குத் தாய்மொழி அல்லாதிருந்தும், இவ்வாதத்தைத் தம்முடையதாகவே கொண்டதில் வியப்பில்லை.

டெக்சாஸ் அரசாங்கம் இதனை வன்மையாக எதிர்த்தது. கவர்னர் டால்ஃப் பிரிஸ்கோவுக்கு இம்மசோதா உடன்பாடில்லை. அவருடைய இராஜ்யக் காரியதரிசி மார்க் ஒயிட் வாஷிங்டனுக்கே சென்று எதிராகச் சாட்சியமளித்தார். அதே 1975ஆம் ஆண்டில் ஆஸ்டின் சட்டசபையில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஸ்பானிய மொழியினர் மிகுந்த ஜில்லாக்களில் இருமொழி வாக்குச்சீட்டு வேண்டுமென்று சட்டசபை தானே ஒரு சட்டம் செய்தது. அது மக்கள் நன்மைக்கே எனினும், நாங்களே செய்துவிட்டோம், சமஷ்டிச் சட்டம் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லும் நோக்கமும் அதில் கலந்திருந்தது. இன்னொரு சட்டம், பதிவேட்டிலுள்ள வாக்காளர் அனைவரின் பெயரையும் நீக்கி, யாவரும் புதிதாகப் பதிய வேண்டுமென்றது. ஒரு கையால் ஸ்பானிய மொழியில் சீட்டைக் கொடுத்து, மறு கையால் பெயரை அழிப்பது போன்ற இவ்விரண்டையும் ஒருசேர நோக்கினால், சமஷ்டிக் காவல் எதற்கு என்ற கேள்விக்கு ஆஸ்டின் சட்டசபையே விடை தந்துவிட்டது என்னலாம்.

ஜூன் மாதத்தில் பிரதிநிதிகள் சபை 341க்கு 70 என்ற கணக்கில் மசோதாவை ஏற்றது. செனட்டும் ஏற்றது. ஜனாதிபதி ஃபோர்டு 1975 ஆகஸ்டு 6ஆம் நாள், மூலச் சட்டம் பிறந்து சரியாகப் பத்தாம் ஆண்டு நிறைவில், கையொப்பமிட்டார். எழுத்தறிவுச் சோதனைகள் நாடு முழுவதும் நிரந்தரமாக ஒழிந்தன. டெக்சாஸ், அரிஸோனா, அலாஸ்கா ஆகிய மூன்று இராஜ்யங்கள் முழுமையாகவும், வேறு பல இராஜ்யங்களின் ஜில்லாக்கள் சிலவும் முன்னனுமதிக் கட்டுக்குள் வந்தன. அவ்வாண்டு டிசம்பரில், வாக்காளர் பெயர்களை ஒட்டுமொத்தமாக நீக்கும் அந்த டெக்சாஸ் சட்டத்துக்கு நீதி இலாகா தடை விதித்தது. கட்டுக்குள் வந்த நான்கே மாதங்களில்! கவர்னர் பிரிஸ்கோ சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று வழக்காடினார்; 1977இல் தோற்றார். அதன்பின் 2013ஆம் ஆண்டு வரை டெக்சாஸின் தேர்தல் மாற்றங்களுக்கு நீதி இலாகா தெரிவித்த ஆட்சேபங்கள் 200க்கு மேற்பட்டவை.

1976 ஜூலையில் டெமாக்ரடிக் கட்சியின் மகாநாட்டில் முதன்மைச் சொற்பொழிவாற்றியதுடன் அம்மையாரின் புகழ் உச்சியை எட்டியது. உயர்ந்த பதவிகளுக்கு அவர் பெயர் பேசப்பட்டது. அவரோ மூன்று தவணைகள் முடிந்ததும், 1979இல் காங்கிரஸை விட்டு விலகினார். நரம்புகளைத் தளர்த்தும் கொடிய நோய் 1973 முதலே அவரைப் பற்றியிருந்தது. அதைப் பொதுமக்களுக்குச் சொல்லாமலே உழைத்து வந்திருந்தார். ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். இளமையில் அவருக்குக் கதவடைத்திருந்த அதே பல்கலைக்கழகம் அது. கைத்தடியும், பின்னர் சக்கர நாற்காலியும் துணையாயின. பொதுவாழ்வின் நெறிமுறைகளைப் பற்றி அவர் நடத்திய வகுப்பில் இடம் பெற மாணவர்கள் போட்டியிட்டனர். 1994இல் ஜனாதிபதி கிளின்டன் நாட்டின் உயர்ந்த சிவில் விருதை அவருக்கு அளித்தார். அக்காலத்தில் குடியேற்றச் சீர்திருத்தக் கமிஷனுக்குத் தலைமை தாங்கி, சட்டபூர்வமான குடியேற்றத்தையும் குறைக்க வேண்டுமென்று அவர் கூறிய யோசனை, 1975இல் அவரைப் போற்றிய ஸ்பானிய மொழியினரிற் பலருக்குக் கசப்பாயிருந்தது. பிரஜையின் உரிமையில் எள்ளளவும் விட்டுக்கொடாத அவர், பிரஜையாக வருவோரின் தொகை விஷயத்தில் கண்டிப்பாய் இருந்தார். இரண்டும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை.

1996 ஜனவரி 17ஆம் நாள் ஆஸ்டின் நகரில் காலமானார், வயது 59. டெக்சாஸ் இராஜ்ய மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அங்கே இடம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி அவரே.

வாக்குரிமைச் சட்டத்தை 2006இல் காங்கிரஸ் மேலும் 25 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. 2008இல் அந்நீட்டிப்புச் சட்டத்தின் பெயரில் அம்மையாரின் பெயரையும், சீஸர் சாவெஸ் முதலிய ஸ்பானிய மொழித் தலைவர்களின் பெயர்களையும் சேர்த்தது. 2013 ஜூன் 25ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டு, எந்த இராஜ்யங்கள் முன்னனுமதி பெற வேண்டுமென்று வகுத்த பகுதியைச் செல்லாததாக்கியது; அத்துடன் டெக்சாஸ் கட்டிலிருந்து விடுபட்டது. அதன்பின் வழக்கு மீண்டும் இராஜ்யச் சட்டசபைகளுக்கே திரும்பிவந்தது. விர்ஜீனியா 2021இலும், நியூயார்க் 2022இலும், கனெக்டிகட் 2023இலும், மின்னெஸோட்டா 2024இலும் தத்தமக்கு வாக்குரிமைச் சட்டங்கள் இயற்றின. அச்சபைகளிலும் செலவு, ஒற்றுமை, ஆங்கிலம் என்ற பழைய வாதங்கள் எழாமலில்லை.

2013ஆம் ஆண்டுத் தீர்ப்பு மொழி உதவிப் பகுதியைத் தொடவில்லை. அதன்படி ஹாரிஸ் ஜில்லா தன் வாக்குச்சீட்டை 1975க்குப் பின் ஸ்பானிய மொழியிலும், 2002ஆம் ஆண்டுக் கணக்குக்குப் பின் வியட்னாமிய மொழியிலும், 2011ஆம் ஆண்டுக் கணக்குக்குப் பின் சீன மொழியிலும் வழங்கி வந்திருக்கிறது. பார்பரா ஜோர்டன் என்னும் இளம் வழக்கறிஞர் இருமுறை நின்று இருமுறையும் தோற்ற ஜில்லா அது.